எட்ட நின்று அறிதல்

ஒன்றை அறிய வேண்டுமாயின் அதன் அருகில் செல்ல வேண்டுமா, அதை விட்டு விலகி நிற்க வேண்டுமா? பழைய கேள்விதான். “எட்ட நின்று பார்ப்பவனுக்கு எங்கள் நிலை என்ன தெரியும்?” என்று துன்பத்தில் இருப்பவர் கேட்கிறார். “உள்ளேயே கிடப்பவனுக்கு உள்ளது உள்ளபடி தெரியுமா?” என்று நடுநிலை பேசுபவர் கேட்கிறார். இரண்டிலும் உண்மை உண்டு என்று சொல்லி நழுவிவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அன்றாடம் நாம் பிறரைப் பற்றித் தீர்ப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். பெரும்பாலும் தொலைவிலிருந்து, பெரும்பாலும் கணக்கை வைத்து. ஆகவே நழுவுவதற்கு நமக்கு உரிமையில்லை.

மனிதரை வைத்துப் பேசினால் விருப்பும் வெறுப்பும் நடுவே புகுந்துவிடும். எனவே கேள்வியைச் சிறிது நேரம் மலைப் பாறைகளிடம் கொண்டுசெல்வோம். இன்று மலைகளை ஆராய்வோர் பலர் முதலில் மலையேறுவதில்லை. விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களையும், புள்ளியியல் என்னும் கணக்கையும் கொண்டு, தாம் மிதித்திராத பாறைகள் எப்படி மடிந்திருக்கின்றன என்று உரைக்கிறார்கள். அவர்கள் உரைப்பது அறிவா, ஊகமா? அறிவாயின், அது எவ்வகை அறிவு?

இதற்குப் பொருத்தமான இடம் ஈரான் நாட்டின் ஜாக்ரோஸ் மலைத்தொடர். விவிலியத்தில் ஏலாம் என்றும் மேதியா என்றும் நாம் வாசிக்கும் நாடுகளின் மலைப்பகுதி அதுவே. துருக்கியின் தென்கிழக்கு விளிம்பிலிருந்து ஈராக்கின் வடபகுதியைத் தொட்டு, பாரசீக வளைகுடாவுக்கு இணையாக ஓடி, ஓர்மூசு நீரிணை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீள்கிறது. கோரைப்பாய் ஒன்றைத் தரையில் விரித்து ஒரு பக்கமிருந்து தள்ளினால், பாய் வரிவரியாக எழும்பி நிற்குமல்லவா? அதே காட்சிதான் அங்கும். அரேபிய நிலப்பாளம் வடக்கு நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடக் குறைவுதான். ஆயினும் பல பத்து இலட்சம் ஆண்டுகள் தொடர்ந்த அந்தத் தள்ளல், கடலடியில் கிடைமட்டமாகப் படிந்த சுண்ணாம்புப் பாறைகளையும் களிப்பாறைகளையும் மடித்து மலையாக்கிவிட்டது. அடியில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான உப்புப் படுகை ஒன்று உண்டு. பாய்க்கடியில் எண்ணெய் தடவியதுபோல் அது மேலடுக்குகளை வழுக்கவிடுகிறது. மலையில் மரமும் புல்லும் குறைவு. ஆகவே பாறை வெளிப்படையாகத் தெரிகிறது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் காடுகளுக்குமேல் எத்தனை செயற்கைக்கோள் பறந்தாலும் இலைகளையே மிகுதியாகக் காணும். ஜாக்ரோசிலோ விண்ணிலிருந்து பார்த்தால், திமிங்கிலங்கள் வரிசையாக முதுகு காட்டி மிதப்பதுபோல் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். அவற்றுள் கபீர்கூ என்னும் மடிப்பு ஒன்று மட்டுமே 150 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அதன் அடிவாரத்தில் நிற்பவர் ஒரு சரிவைக் காண்பார். மலையின் வடிவத்தைக் காணமாட்டார்.

பாறை மடிந்திருக்கிறது என்று சொல்வதற்கே ஒரு முன்னறிவு வேண்டும். அது மடியாமல் இருந்த நாள் ஒன்று உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். சாய்ந்து கிடக்கும் அடுக்கைப் பார்த்து, இது தொடக்கத்தில் கிடைமட்டமாகப் படிந்தது, பின்னரே சாய்ந்தது என்று தெளிவாக எழுதிவைத்தவர் நீல்ஸ் ஸ்டென்சன். ஸ்டேனோ என்ற இலத்தீன் பெயரால் உலகம் அவரை அறியும். 1638இல் கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தவர், உடற்கூற்று அறிஞர். இத்தாலியின் டஸ்கனி மலைகளைச் சுற்றிப் பார்த்து, 1669இல் பிளாரன்சு நகரில் வெளியிட்ட சிறுநூலில் இக்கொள்கையை வகுத்தார். அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1667இல், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்திருந்தார். 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார், 1686இல் மறைந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். பாறையியலின் தந்தையருள் ஒருவர் நம் பலிபீடத்தில் வணங்கப்படுபவர் என்பதைப் பெருமைக்காக இங்கே குறிக்கவில்லை. 1665இல் பாரிசு நகரில் மூளையைப் பற்றி உரையாற்ற எழுந்த அவர், மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்ற அறிக்கையோடுதான் பேச்சைத் தொடங்கினார். பிறர் அறிந்ததாகச் சொன்னவற்றில் எது கண்டது, எது கற்பித்தது என்று பிரித்துக் காட்டினார். கண்டதையும் கருதியதையும் பிரிக்கும் அந்த ஒழுக்கமே நாம் இங்கே பேசவிருக்கும் பொருளின் உயிர்நாடி.

ஜாக்ரோசை முதலில் ஆராய்ந்தவர்கள் கால்நடையாகவும் கோவேறு கழுதையின் மீதும் சென்றவர்கள். 1908 மே 26 அன்று மசீது சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. வில்போல் வளைந்த சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் தேங்கும் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு மடிப்பும் மதிப்புள்ளதாயிற்று. பாறையடுக்கின்மீது கருவியை வைத்து, அது எத்தனை பாகை சாய்கிறது, எத்திசையில் சாய்கிறது என்று அளப்பார்கள். ஒரு நாளில் சில பத்து அளவுகள் கிடைக்கும். பின்னர் 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரையைப் படமெடுக்கத் தொடங்கியது. அதன் படத்தில் ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். 1982இல் அது 30 மீட்டராகக் குறுகியது; 1999இன் இறுதியில் ஏவப்பட்ட டெர்ரா கோளின் ஆஸ்டர் கருவியால் 15 மீட்டராயிற்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டேவர் விண்ணோடம் பதினொரே நாள்களில் உலக நிலப்பரப்பின் ஐந்தில் நான்கு பங்குக்கு ராடார் கதிர்களால் உயரக்கணக்கு எடுத்தது. படம் இடத்தைத் தந்தது. ராடார் உயரத்தைத் தந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபின், மிதிக்காத பாறையின் சாய்வை அளக்க வழி பிறந்தது.

அந்த வழி எளியது. பள்ளத்தாக்கு ஒன்று மலையை வெட்டும் இடத்தில் குறிப்பிட்ட ஓர் அடுக்கு நாடாப்போல் தெரியும். அதன்மேல் மூன்று புள்ளிகளைத் தேர்ந்து, மூன்றின் உயரத்தையும் குறித்துக்கொண்டால், அந்த அடுக்கு எத்தளத்தில் கிடக்கிறது என்று கணக்கிடலாம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதன் காரணமும் இதுவே: மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை உறுதி செய்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது. இருந்தால், கதவு கீலில் ஆடுவதுபோல் அந்தத் தளம் அக்கோட்டைப் பற்றிக்கொண்டு எப்பக்கமும் ஆடும். உயரத்தில் சில மீட்டர் பிழை இருந்தாலே சாய்வின் அளவு பத்து, இருபது பாகை மாறிவிடும். விந்தை என்னவென்றால், கணிப்பொறி அப்போதும் ஒரு விடையைத் தரும். அடிமானம் நல்லதோ கெட்டதோ, விடையின் தோற்றம் ஒன்றுதான். அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு எண்களோடு! ஆகவே நேர்மையான ஆய்வாளர், விடையை மட்டும் தருவதில்லை. தம் புள்ளிகள் எந்த அளவுக்கு ஒரே கோட்டில் இருந்தன என்பதையும் அளந்து, எல்லை கடந்தவற்றைக் கழித்துவிடுகிறார்.

இதை வாசித்தபோது மோசேயின் சட்டம் நம் நினைவுக்கு வந்தது. ஒருவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பிடலாகாது, இருவர் மூவர் வேண்டும் என்கிறது இணைச்சட்டம். ஆனால் மூவரும் ஒரே வாயிலிருந்து செய்தி கேட்டவர்களாயின் அவர்கள் மூவரா? ஒரே தெருவில், ஒரே பகையில், ஒரே பக்கத்தில் நின்று பார்த்த மூன்று சாட்சிகளை வைத்து எத்தனை குடும்பங்களைப் பற்றி ஊர் தீர்ப்பு எழுதியிருக்கிறது! சாட்சிகளின் எண்ணிக்கையை எல்லாரும் கேட்கிறோம். அவர்கள் நின்ற இடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியவை என்று கேட்பவர் குறைவு. பாறையைக் கணக்கிடுபவர் அதைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார். மனிதரைக் கணக்கிடும் நமக்கு அந்தக் கடமை குறைவாகவா இருக்கும்?

இனி, அளவுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துவிட்டன என்று கொள்வோம். அவற்றை என்ன செய்வது? சராசரி எடுக்கலாம் என்பது யாருக்கும் தோன்றும் முதல் எண்ணம். அங்கேதான் இடறல். வடக்கை 0 பாகை என்று வைத்து வட்டத்தை 360 பாகையாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பாறை 359 பாகைத் திசையிலும், இன்னொன்று 1 பாகைத் திசையிலும் நோக்குகின்றன என்றால், இரண்டும் ஏறக்குறைய வடக்கே நோக்குகின்றன. பள்ளிக்கூடச் சராசரியோ 180 என்று வரும். அதாவது நேர் தெற்கு! திசைகளைக் கூட்டி வகுப்பதற்கே வேறு கணக்கு வேண்டியிருந்தது. கோளத்தின் மீது சிதறிக்கிடக்கும் திசைகளுக்கு அத்தகைய கணக்கை இங்கிலாந்தின் ரொனால்டு ஃபிஷர் 1953இல் வகுத்துத் தந்தார்.

அந்தத் திருத்தத்தையும் செய்த பிறகு இன்னொரு இடறல் இருக்கிறது. இது ஆழமானது. ஒரு மடிப்பின் வலப்பக்கம் 40 பாகை வடகிழக்கே சாய்கிறது, இடப்பக்கம் 40 பாகை தென்மேற்கே சாய்கிறது. இரண்டுக்கும் சரியான முறையிலேயே சராசரி எடுங்கள். விடை: சாய்வே இல்லை, பாறை கிடைமட்டம். கணக்கில் பிழையில்லை, மலைதான் காணாமற்போயிற்று. எது அந்தப் பாறைக்கு நேர்ந்த வரலாறோ, எது அதை மலையாக்கியதோ, அதையே சராசரி துடைத்துவிடுகிறது.

புள்ளியியல் இங்கேயே நின்றிருந்தால் அதைப் பொய்யின் கருவி என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவது இக்காலத்துப் பக்தி நூல்கள் சிலவற்றில் வழக்கமாகவும் இருக்கிறது. ஆனால் அது நிற்கவில்லை. கூண்டு வண்டியின் வளைந்த கூண்டை மனத்தில் கொள்ளுங்கள். அதன்மேல் பல இடங்களில் செங்குத்தாகக் குச்சிகளை நட்டதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கக் குச்சி இடப்புறம் நீட்டி நிற்கும், உச்சியிலுள்ளது வானம் பார்க்கும், வலப்பக்கத்தது வலப்புறம் நீட்டும். எல்லாம் ஒரு விசிறிபோல் விரிந்திருக்கும். ஒரு குச்சிகூட வண்டி போகும் திசையில் நீட்டாது. எத்திசையில் ஒரு குச்சியும் நீட்டவில்லையோ அதுவே கூண்டின் நீளவாக்கு, அதுவே அதன் அச்சு. ஆய்வாளரும் இதைத்தான் செய்கிறார். ஒவ்வோர் அடுக்குக்கும் கற்பனையாக ஒரு குச்சியை நட்டு, ஆயிரம் குச்சிகளும் எத்திசையை மிகக் குறைவாக நாடுகின்றன என்று கணக்கிடுகிறார். மடிப்பின் அச்சு கிடைத்துவிடுகிறது. குச்சிகள் அந்த விசிறியை விட்டு எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்பதிலிருந்து, மடிப்பு எவ்வளவு ஒழுங்கானது என்பதும் தெரிகிறது.

இதில் நம்மை நிறுத்தி எண்ண வைப்பது ஒன்று உண்டு. கூண்டின் எந்தக் கீற்றை எடுத்தாலும் அது தனக்குரிய சாய்வில் இருக்கிறது. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஆயினும் ஒவ்வொரு கீற்றிலும் அந்த நீளவாக்கு முழுமையாக இருக்கிறது. சராசரி எல்லாவற்றுக்கும் நடுவே நிற்பது, எதிலும் இல்லாதது. அச்சு எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஒவ்வொன்றிலும் இருப்பது. முன்னது வேறுபாட்டை அழித்துப் பொதுமையைக் காண்கிறது. பின்னது வேறுபாட்டின் வழியாகவே பொதுமையைக் காண்கிறது. பாறைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அச்சைக் கண்டுபிடிக்கவே இயலாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

குருமடத்து மெய்யியல் வகுப்பில் பொதுமையும் தனிமையும் பற்றி நீண்ட பாடம் உண்டு. அறிவு பொதுமையைப் பற்றியது என்பது அரிஸ்டாட்டிலின் வழிவந்த கொள்கை. நம் அறிவாற்றல் பொதுவியல்பை நேரே பற்றிக்கொள்கிறது. தனிப்பொருளையோ புலன்கள் தந்த உருவத்தின் பக்கம் திரும்பித்தான் அறிகிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். டன்ஸ் ஸ்கோட்டஸ் இதனோடு முழுவதும் உடன்படவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ‘இதுவே இது’ என்னும் தனித்தன்மை ஒன்று உண்டு, அது பொதுவியல்பில் அடங்காது என்றார். இவ்விருவரில் யார் சரி என்று இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் இருவரும் எதைச் சொல்லவில்லை என்பது முக்கியம். பொதுமை என்பது சராசரி என்று இருவருமே சொல்லவில்லை. மனித இயல்பு என்பது மனிதரையெல்லாம் கூட்டி வகுத்துக் கிடைப்பதன்று. சராசரி மனிதன் என்று ஒருவன் பிறந்ததுமில்லை, இறந்ததுமில்லை. மனித இயல்போ பிறந்த குழந்தையிடமும், நினைவிழந்த முதியவரிடமும், சிறையில் இருப்பவரிடமும் குறைவின்றி இருக்கிறது. நம் காலத்தில் ‘பொதுவாக மக்கள்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் சராசரியையே இயல்பு என்று மயங்கிப் பேசுகின்றன. அவ்வாறு பேசுவதற்குப் புள்ளியியலின் சான்றும் கிடையாது என்பதை ஜாக்ரோஸ் பாறைகள் காட்டுகின்றன.

தொலைவு மட்டுமே தரக்கூடிய அறிவு ஒன்றும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜாக்ரோசின் பெரிய மடிப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று 10 முதல் 20 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. இந்த ஒழுங்கை ஒரு மடிப்பில் நின்று எவரும் காண முடியாது. நூற்றுக்கணக்கானவற்றை மேலிருந்து அளந்தால்தான் தெரியும். தடித்த அடுக்கு அகலமாகவும் மெல்லிய அடுக்கு நெருக்கமாகவும் மடியும் என்பது இயற்பியல் காட்டும் விதி. தாளையும் அட்டையையும் தள்ளிப் பார்த்தாலே விளங்கும். ஆகவே இந்த இடைவெளியைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் எவ்வளவு தடித்த பாறைத்தொகுதி உப்பின்மேல் வழுக்கி மடிந்தது என்று கருத முடிகிறது. ஒவ்வொரு மடிப்பின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும் அளக்கிறார்கள். வழுக்கி மடிந்தது ஒரு வகை விகிதத்தில் இருக்கும். அடியிலுள்ள பிளவு ஒன்று மேலே தள்ளியதால் எழுந்தது பெரும்பாலும் இன்னும் ஒடுங்கி நீண்டிருக்கும். எந்த மடிப்பு எவ்வகை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஒரே படத்தை, ஒரே எண்களை வைத்துக்கொண்டு இருவேறு முடிவுக்கு வருகிறார்கள். எண்ணுக்கு வாய் இல்லை. அதற்குப் பொருள் சொல்பவர் மனிதர்தாம்.

விதிக்கு அடங்காதவற்றைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் எதுவும் ஏவப்படாத நாளில் ஹாரிசன், ஃபால்கன் என்னும் இருவர் எண்ணெய் நிறுவனத்துக்காக இம்மலைகளில் நடந்தார்கள். சில சரிவுகளில் சுண்ணாம்புப் பாறை, புத்தகத்தின் தாளைப் புரட்டிப்போட்டதுபோல் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. இருபுறமும் நெருக்கியதால் மடிந்த மடிப்பாக அதைக் கொள்ள அவர்கள் மனம் ஒப்பவில்லை. ஆறு அடிவாரத்தை அரித்துவிட்டதால், தாங்குதல் இழந்த பாறைத்தகடு தன் எடையாலேயே சரிந்து மடிந்தது என்று கண்டார்கள். 1936இல் அதை எழுதினார்கள். கபீர்கூ மலையின் சைமாரே சரிவையும் அவர்களே ஆராய்ந்தார்கள்: ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், இருபது கன கிலோமீட்டருக்குக் குறையாத பாறை ஒரே வீழ்ச்சியாகச் சரிந்து, ஆறுகளை மறித்து ஏரிகளாக்கிய இடம் அது.

இப்போது அந்தக் கவிழ்ந்த தகட்டின்மேல் வானிலிருந்து மூன்று புள்ளி குறித்தால் என்னவாகும்? சாய்வு சரியாகவே கிடைக்கும். ஆனால் அந்த அடுக்கு நேராகக் கிடக்கிறதா, தலைகீழாகக் கிடக்கிறதா என்பதை மூன்று புள்ளிகள் மட்டும் சொல்லா. சுற்றியுள்ள பாறைகளின் நிற வரிசை குறிப்புத் தரலாம். உறுதியாக அறிய, அருகே குனிந்து, பழைய கடலடியில் அலை விட்ட தடத்தையும் சிற்றுயிர் துளைத்த துளையையும் பார்க்க வேண்டும். எது மேல்முகம், எது அடிமுகம் என்று அவை காட்டும். பார்க்காமல் அந்த எண்ணைக் கணக்கில் சேர்த்தால் அது மற்ற எண்களோடு கலந்து மறைந்துவிடும். சிதறல் மிகுதி என்று கழித்துவிட்டாலும் மறைந்துவிடும். ஹாரிசனும் ஃபால்கனும் புரிந்துகொண்டது அப்படிக் கழிக்கப்படக்கூடிய எண்ணைத்தான். தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் காணாமற்போன ஒன்றையும் பற்றிய உவமையை இங்கே இழுத்து வருவது சற்று அதிகமாகவே தோன்றலாம். என்றாலும், அந்த உவமை நெஞ்சில் ஊறியவர்களுக்குப் புள்ளியியல் நூல்களில் ‘விலகிய எண்கள்’ என்ற தலைப்பைக் காணும்போது சிறிது தயக்கம் வரத்தான் செய்யும்.

இதுவரை பாறையைப் பற்றியே பேசினோம். ஆனால் அந்தப் பாறையின்மேல் மக்கள் வாழ்கிறார்கள். 1972 ஏப்ரல் 10 அதிகாலை, ஜாக்ரோசின் தென்பகுதியிலுள்ள கீர் என்னும் சிற்றூரும் அதைச் சுற்றிய ஊர்களும் நிலநடுக்கத்தில் இடிந்தன. 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் லேண்ட்சாட் ஏவப்படுவதற்கு மூன்றரை மாதம் இருந்தது. முன்னரே ஏவியிருந்தால் காப்பாற்றியிருக்குமா? இராது. படத்தில் அழகிய மடிப்புகள் தெரிந்திருக்கும், கொன்றதோ மடிப்பன்று. ஜாக்ரோசில் பெரும்பாலான நிலநடுக்கங்களை உண்டாக்கும் பிளவுகள், பல கிலோமீட்டர் தடித்த படிவுகளுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. அவை அசையும்போது மேல்தரையில் கீறல்கூட விழுவதில்லை. நடுவே வழுக்கும் உப்பும் களியும் இருப்பதால், மேலே மடிப்பு இருக்கும் இடத்துக்கு நேர்கீழே பிளவு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மடிப்புகளை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அந்த அளவுகளை மட்டும் கொண்டு ஓர் ஊரைப் பார்த்து “உங்களுக்கு ஆபத்தில்லை” என்று சொல்ல எவருக்கும் தகுதி இல்லை.

தொலைவிலிருந்து அறிவதன் அறநெறி இங்கேதான் கூர்மையாகிறது என்பது நம் கருத்து. தொலைவு தன்னளவில் குற்றமன்று. 2017 நவம்பர் 12 இரவு, ஈராக் எல்லையருகே சர்போல்-இ-சகாப் பகுதியில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரம் பேர் வீடிழந்தனர். அப்போதும் பிளவு தரைக்கு வரவில்லை. ஆனால் ஐரோப்பாவின் சென்டினல் ராடார் கோள்கள் நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, பரந்த நிலப்பகுதி ஒன்று முக்கால் மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது சில நாள்களிலேயே தெரிந்தது. அதிலிருந்து, ஒருவரும் காணாத பிளவின் ஆழமும் சாய்வும் கணக்கிடப்பட்டன. இடிபாட்டில் நின்று அழுதவர் எவரும் அதைக் கண்டிருக்க முடியாது. தாம் நின்ற தரையே மொத்தமாக உயர்ந்துவிட்டது என்பதை உணர அவர்களுக்கு வழியில்லை. அருகிலிருப்பவர்க்கு எல்லாம் தெரியும் என்ற நம் இனிய நம்பிக்கைக்கும் எல்லை உண்டு.

ஆயினும் அந்த அறிவு எண்ணாகத்தான் திரும்பி வருகிறது. ஐம்பது ஆண்டுகளில் இந்த அளவு நடுக்கத்தை மிஞ்சுவதற்குப் பத்து விழுக்காடு வாய்ப்பு என்பது, உலகெங்கும் கட்டடப் பொறியாளர் வழக்கமாகக் கையாளும் கணக்கு. தூணில் எத்தனை கம்பி, எவ்வளவு தடிமன் என்பதை அது முடிவு செய்கிறது. பொறியாளருக்கு அது போதும். பிள்ளையைத் தூங்க வைக்கும் தாய்க்கு அந்தப் பத்து விழுக்காடு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் வீடு ஒன்றுதான். அதற்கு நூறில் பத்துப் பங்கு இடிவது என்ற நிலை இல்லை. இந்த இடைவெளியை இன்னும் கூர்மையான படமோ, இன்னும் பெரிய கணிப்பொறியோ நிரப்பாது. அது அறிவின் குறையன்று. பொதுமைக்கும் தனிமைக்கும் இடையே இருக்கும் இடைவெளி அது.

ஜாக்ரோசின் பழைய ஊர்களில் மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய சுவர்மேல் மரத்தைப் பரப்பி, ஆண்டுதோறும் மண் பூசிப்பூசிக் கனமேறிய கூரைகள் உண்டு. நடுக்கத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கூரைதான். கூரை மரம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, சும்மா வைக்கப்பட்டிருக்கிறதா என்பது பதினைந்து மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் படத்தில் தெரியாது. அரை மீட்டருக்கு ஒரு புள்ளி தெரிந்தாலும் தெரியாது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரேனும் அந்த ஊருக்குப் போய், கதவைத் தட்டி, வீட்டுக்காரர் அனுமதித்தால் உள்ளே நுழைந்து, தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த வீடு.